முருகைத் தொட்டி மீன்களில் ஒட்டுண்ணி: முதல் மீனுக்கு முன்பே இரண்டாவது தொட்டி

கோமாளி மீனின் செட்டையில் உப்புக்கல் ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், முருகை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குள் எந்த மருந்தையும் ஊற்றாதீர்கள். முருகை, இறால், நத்தை, குழாய்ப்புழு எல்லாம் வாழும் நீரில் ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கு மருந்து போட்டால் அவையும் சேர்ந்து சாகும். அவற்றுக்குக் கெடுதி இல்லாத அளவில் போட்டால் ஒட்டுண்ணியும் சாகாது. ‘முருகைக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதி விற்கும் போத்தல்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. உண்மையில் பலன் தரும் வழி ஒன்றுதான். மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து வேறு தொட்டியில் வைத்தியம் செய்ய வேண்டும். முருகைத் தொட்டியை 76 நாட்கள் மீனே இல்லாமல் ஓடவிட வேண்டும், பிடிக்க மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அதற்குள் செத்துவிடும்.

அதனால்தான் முதல் மீனை வாங்குவதற்கு முன்பே இரண்டாவது தொட்டி வீட்டில் இருக்க வேண்டும் என்கிறோம். கொழும்பில் இருப்பவர் நோயைக் கண்ட அன்றே மருந்து வாங்கிவிடலாம். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்குச் செப்பு மருந்தும் அதை அளக்கும் கருவியும் அனேகமாகத் தெற்கிலிருந்துதான் வர வேண்டும். செவுளைப் பிடிக்கும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் அதுவரை பொறுக்காது. புள்ளி தெரியும் முன்பே இரண்டு நாளில் மீனை முடித்துவிடும்.

முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

- 60 × 30 × 30 சென்ரிமீற்றர் கண்ணாடித் தொட்டி ஒன்று, அல்லது உணவுப்பொருள் வைக்கத்தக்க 50 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டி இரண்டு. இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிப் பாவிக்கலாம்.
- ஸ்பொஞ்ச் வடிகட்டி இரண்டு, அவற்றை ஓட்டும் காற்றுப் பம்பு, பற்றறியில் ஓடும் பம்பு ஒன்று.
- 2 அங்குல பி.வி.சி. எல்போ மூன்று நான்கு. மீன் ஒளிந்துகொள்ள இது போதும். மணலும் கல்லும் வேண்டாம். அவை செப்பை உறிஞ்சி அளவைக் குழப்பும், ஒட்டுண்ணியின் கூடுகளுக்கும் இடம் கொடுக்கும்.
- உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றர், வெப்பமானி, அமோனியாச் சோதனை, செப்புச் சோதனை.
- தட்டைப்புழுவுக்கான பிரசிகுவான்ரல், செப்பு மருந்து, மருந்தை நீரிலிருந்து உறிஞ்சி எடுக்கும் உயிர்ப்பூட்டிய கரி, அப்பச்சோடா.
- தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். மூன்றிலும் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஈரமான வலை ஒன்றே ஒரு தொட்டியின் நோயை அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகப் போதும்.

ஸ்பொஞ்ச் ஒன்றைப் பிரதான தொட்டியின் வடிகட்டிப் பகுதியில் எப்போதும் போட்டு வையுங்கள். நான்கு வாரத்தில் நல்ல பற்றீரியா அதில் குடியேறிவிடும். அவசரத்தில் எடுத்துப் போட்டால் அமோனியா ஏறாது. பிரதான தொட்டியிலேயே நோய் வந்துவிட்டால் அந்த ஸ்பொஞ்சிலும் ஒட்டுண்ணி இருக்கும். அப்போது அதை மருந்துள்ள தொட்டியில் மட்டும் பாவிக்கலாம், கீழே சொல்லும் தொட்டி மாற்றும் முறைக்கு ஆகாது.

தொட்டியின் கொள்ளளவைக் கடைக்காரர் சொன்ன கணக்கில் எடுக்காதீர்கள். நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் பிரியுங்கள். மேலே சொன்ன தொட்டியில் 27 சென்ரிமீற்றருக்கு நீர் நின்றால் 48.6 லீற்றர். மருந்துக் கணக்கெல்லாம் இந்த எண்ணில்தான்.

நீர்

வன்னியின் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. வயலுக்குப் பக்கத்துக் கிணறு என்றால் உரத்தின் நைத்திரேற்றும் கலந்திருக்கும். மீன் தொட்டிக்கான உப்பைக் கரைக்கவும் ஆவியாகும் நீரை ஈடுசெய்யவும் ஆர்.ஓ. நீரை, அதாவது சவ்வில் வடித்துச் சுத்தமாக்கிய நீரைப் பாவியுங்கள். குடிநீருக்காக ஆர்.ஓ. விற்கும் இடங்கள் இப்போது பல ஊர்களில் இருப்பதால் இது பெரிய சிரமமில்லை. ஓட்டுக்கூரையின் முதல் மழையைப் போகவிட்டுப் பிடித்த மழைநீரும் நல்லது.

முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்கள் கடல்நீரையே அள்ளுவார்கள். அள்ளலாம், இரண்டு நிபந்தனையுடன். மாரியில், வட்டுவாகல் பக்கம் நந்திக்கடல் நீர் கடலுக்குப் பாயும் நாட்களில் அள்ளாதீர்கள். உவர்ப்பும் குறைந்திருக்கும், சேறும் வயல் கழிவும் கலந்திருக்கும். இரண்டாவது, கடல்நீரில் கடல் ஒட்டுண்ணியும் வரும். வாசனை சேர்க்காத 5 வீத குளோரின் திரவத்தை லீற்றருக்கு 0.2 மில்லிலீற்றர் வீதம், அதாவது 20 லீற்றர் கானுக்கு 4 மில்லிலீற்றர் விட்டு, 24 மணி நேரம் காற்றடியுங்கள். பிறகு குளோரினைப் போக்கும் சோடியம் தயோசல்பேற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, குளோரின் சோதனை பூச்சியம் காட்டிய பின்னரே பாவியுங்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களிலும் கடல்நீரை இப்படிக் குளோரின் விட்டுத்தான் சுத்தம் செய்கிறார்கள்.

கடலில் முருகைக்கல் உடைத்து எடுப்பது இலங்கையில் சட்டப்படி தடை. தொட்டிக்காக அந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

எந்த நோய் என்று எப்படித் தெரிந்துகொள்வது

புள்ளியைவிட மூச்சையும் வேகத்தையும் பாருங்கள். ஓய்வாக நிற்கும் மீனின் செவுள் மூடி பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 80 தடவை அசையும். 120ஐத் தாண்டினால் செவுளில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்புள்ளி நோயைத் தருவது கிரிப்ரோகாரியன் இரிற்றன்ஸ் என்ற ஒற்றைக் கலன் உயிரி. எண்ணக்கூடிய புள்ளிகள், ஒவ்வொன்றும் உப்புக்கல் அளவு. மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும், ஆனால் சாப்பிடும். இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் மறைந்துவிடும். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பூண்டு கொடுத்தவர் பூண்டால் மாறியது என்பார், சுத்தம் செய்யும் இறால் வாங்கியவர் இறால் தின்றுவிட்டது என்பார். நடந்தது வேறு. மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் வளர்ந்த ஒட்டுண்ணி தானாகவே கழன்று விழுந்து, கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டது. அந்தக் கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்கில் பிரியும். மூன்று நாளில் வெடிக்கும் கூடும் உண்டு, பல வாரம் கிடந்து வெடிக்கும் கூடும் உண்டு. வெளிவரும் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். ஆனால் கண்ணாடித் தொட்டியில் மீன் எங்கே ஓடும்? கடலில் ஐந்தாறு பிடித்த மீனைத் தொட்டியில் ஐந்நூறு பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் மீன் சாகிறது.

தோலின் கீழ் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது. நீரில் நீந்தும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டுமே கொல்லலாம். வைத்தியம் ஏன் வாரக்கணக்கில் நீள்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். சூடு கூடினால் சுழற்சி வேகமாகும், நீரில் ஒட்சிசனும் குறையும். 30 பாகையில் நிற்கும் வன்னி வீட்டுத் தொட்டியில் நோய் ஓடும் வேகம் குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருப்பதைவிட அதிகம்.

வெல்வெட் வேறு. அமிலோடினியம் ஒசெலற்றம் முதலில் செவுளைத்தான் பிடிக்கும். மீன் சாப்பாட்டை விடும், வெளிச்சத்தை ஒதுக்கும், பம்பின் நீரோட்டத்துக்கு நேரே முகம் வைத்து நிற்கும், மூச்சு வேகமாகும். அறை விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எண்ண முடியாத பொன்னிறத் தூசு தோலில் மினுங்கினால் அது வெல்வெட். தூசு தெரியும்வரை காத்திருப்பதும் ஆபத்து. மூச்சும் நீரோட்டத்தில் நிற்பதும் சேர்ந்து தெரிந்தாலே வேலையைத் தொடங்குங்கள்.

கோமாளி மீனில் தோலிலிருந்து வெண்மையான சளி படலம் படலமாக உரிந்தால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. குரோமிஸ் மீனின் விலாவில் சிவந்த புண் தெரிந்தால் யூரோனீமா என்ற ஒட்டுண்ணி. கண் மங்கி, மீன் தலையை உதறி, செட்டையைச் சுருக்கி வைத்திருந்தால் தட்டைப்புழு என்று சந்தேகப்படுங்கள். செட்டை ஓரத்தில் பூக்கோவா போன்ற வெள்ளைக் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் இருந்தால் அது லிம்ஃபோசிஸ்ரிஸ் எனும் வைரசு, ஒட்டுண்ணி அல்ல. அதற்கு மருந்து போடாதீர்கள், நல்ல சாப்பாட்டில் தானாகவே போகும்.

பொதி வந்த அன்று

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த மீன் பை பத்து மணி நேரமாவது மூடியிருக்கும். மீனின் மூச்சிலிருந்து வந்த காபனீரொட்சைட்டு அந்த நீரை அமிலப் பக்கம் இழுத்திருக்கும். அதனால் சேர்ந்த அமோனியா விஷமில்லாத வடிவில் இருக்கும். பையை அவிழ்த்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அமோனியா சில நிமிடத்தில் விஷமாகும். ஆகவே ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பழக்கும் முறை நீண்ட பயணம் வந்த மீனுக்கு ஏற்றதல்ல.

செய்ய வேண்டியது: அவிழ்க்காத பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். ஓரத்தை வெட்டி ஒரு துளி எடுத்து உவர்ப்பைப் பாருங்கள். கடைகள் அடர்த்தியை 1.018, 1.020 என்று குறைவாக வைத்திருப்பது வழமை. தனித் தொட்டியின் நீரை அந்த அளவுக்கு முன்பே தயார் செய்து வைத்திருந்தால் மீனை உடனே எடுத்து விடலாம். அளவைக் கடையிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பை நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

தொட்டி மாற்றும் முறை

வெண்புள்ளிக்கு மட்டும் என்றால் எங்கள் முதல் தெரிவு இது. மருந்தே வேண்டாம், நிறைய உப்புநீரும் ஒழுங்கும்தான் வேண்டும். மீனிலிருந்து விழுந்த ஒட்டுண்ணி குறைந்தது மூன்று நாள் கூட்டுக்குள் கிடக்கும் என்பதால், அது வெடிக்கும் முன் மீனை அடுத்த தொட்டிக்கு மாற்றிவிடுகிறோம்.

முதலாம் நாள் மீன் முதல் தொட்டிக்குள் போகிறது. 4ஆம், 7ஆம், 10ஆம், 13ஆம் நாட்களில் காலையில் மாற்றுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. எங்கள் சூட்டில் ஓரிரு மணி நேரம் முந்தி மாற்றுவதே நல்லது. புதிய நீரின் வெப்பமும் உவர்ப்பும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். மீனைச் சிறு பாத்திரத்தால் எடுத்து, நீரை வடித்து, மீனை மட்டும் விடுங்கள். பழைய தொட்டி, எல்போ, காற்றுக்கல் எல்லாவற்றையும் கழுவி முற்றத்து வெயிலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்தால் கூடு சாகும், ஈரம் ஒட்டியிருந்தால் சாகாது. அடைமழை நாட்களில் காயாது, அப்போது குளோரின் விட்டுக் கழுவுங்கள். காற்றுக்கல்லுக்குள் ஈரம் தங்கும், ஒவ்வொரு முறையும் புதியதைப் போடுங்கள்.

இந்த முறையில் ஸ்பொஞ்ச் இல்லை, ஆகவே சாப்பாட்டைக் குறையுங்கள். அமோனியாவைக் கட்டும் திரவத்தை இங்கே பாவிக்கலாம். இரண்டாவது, நான்காவது தொட்டிகளில் பிரசிகுவான்ரலும் போட்டால் தட்டைப்புழு வேலையும் இதிலேயே முடியும். வெல்வெட்டுக்கு இந்த முறை உதவாது, அதன் சுழற்சி மூன்று நாளுக்குள்ளேயே முடியக்கூடியது.

உவர்ப்பைக் குறைக்கும் முறை

மருந்தும் கிடைக்கவில்லை, அடிக்கடி மாற்ற உப்பும் போதாது என்றால் இது. இதுவும் வெண்புள்ளிக்கு மட்டும், மீன் மட்டுமே இருக்கும் தொட்டியில் மட்டும். 48 லீற்றரில் 12 லீற்றரை எடுத்து அதே அளவு நன்னீர் விடுங்கள். நாளுக்கு இரண்டு முறை, இரண்டு நாளுக்கு. ஆயிரத்துக்கு 35இல் தொடங்கிய உவர்ப்பு மூன்றாவது முறைக்குப் பின் 15க்கு அருகில் நிற்கும். நான்காவது முறை அளந்து அளந்து விட்டு, அடர்த்தி 1.009 வந்ததும் நிறுத்துங்கள். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து 30 நாள் அப்படியே வைத்திருங்கள்.

இது தோற்பதற்குக் காரணம் அனேகமாக ஆவியாதல்தான். கச்சான் அடிக்கும் மாதங்களில், அதுவும் தொட்டிக்கு மேல் மின்விசிறி வைத்திருந்தால், ஒரே நாளில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியக் குறையும். 1.011க்கு ஏறினாலே ஒட்டுண்ணி மீண்டுவிடலாம். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு கீறி, காலையும் மாலையும் அதுவரை நன்னீர் விடுங்கள். ரிஃப்ராக்டோமீற்றரை 35 உவர்ப்புக் கரைசலால் சரிபாருங்கள். நன்னீர் கூடினால் பி.எச். இறங்கும், சிறிது அப்பச்சோடா கரைத்து 8க்கு மேல் வைத்திருங்கள். முடிந்ததும் ஒரு வாரம் எடுத்து மெதுவாக உவர்ப்பை ஏற்றுங்கள். உவர்ப்பைக் குறைத்தால் மீன் தாங்கும், வேகமாக ஏற்றினால் தாங்காது.

செப்பு

வெல்வெட்டுக்கு நம்பக்கூடியது செப்பு. வெண்புள்ளிக்கும் வேலை செய்யும். போத்தலில் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். கொப்பர் பவர் போன்ற கட்டுண்ட வகைக்கு இலக்கு லீற்றருக்கு 2.25 முதல் 2.5 மில்லிகிராம். குப்ரமின் என்ற செப்பு மருந்துக்கு 0.5 மில்லிகிராம். இரண்டையும் மாற்றிக்கொண்டால், ஒரு பக்கம் மருந்தே போடாத கதை, மறுபக்கம் மீன் எல்லாம் ஒரே இரவில் சாகும் கதை. தோட்டத்தில் பங்கசுக்கு அடிக்கும் மயில்துத்தத்தைப் போடாதீர்கள். தூய்மையும் தெரியாது, கடல்நீரில் அது விரைவில் படிந்து அளவும் நிற்காது.

மொத்தத்தை நான்காகப் பிரித்து மூன்று நான்கு நாளில் ஏற்றுங்கள். வெல்வெட் என்றால் அந்த அவகாசம் இல்லை, முதலில் கீழே சொல்லும் நன்னீர்க் குளியல், பிறகு ஒரு நாளுக்குள் இலக்கை எட்டுங்கள். தினமும் அளந்து எழுதி வையுங்கள். இலக்குக்குக் கீழே ஒருமுறை இறங்கினாலும் நாட்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நீர் மாற்றும்போது போடும் புதுநீரிலும் அதே அளவு செப்பு இருக்க வேண்டும். 14 நாள் இலக்கில் வைத்து, பிறகு கழுவிக் காய்ந்த வேறு தொட்டிக்கு மாற்றலாம். அது மூன்று மீற்றராவது தள்ளி இருக்கட்டும், காற்றடியில் தெறிக்கும் துளியிலும் ஒட்டுண்ணி வரும். மாற்ற வசதி இல்லையென்றால் அதே தொட்டியில் 30 நாள். அமோனியாவைக் கட்டும் திரவத்தைச் செப்புடன் சேர்க்கவே கூடாது, செப்பின் நஞ்சு ஏறிவிடும். கரியும் அந்த நாட்களில் வேண்டாம். மண்டரின், பேத்தை, விலாங்கு போன்ற மீன்கள் செப்பைத் தாங்குவது கடினம், அவற்றைப் புதியவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.

நன்னீர்க் குளியலும் தட்டைப்புழுவும்

கறுப்பு பேசின் ஒன்றில் 8 லீற்றர் ஆர்.ஓ. நீர் விட்டு, வெப்பத்தைத் தொட்டியோடு சமப்படுத்தி, அப்பச்சோடாவால் பி.எச்.ஐ 8.2 அளவுக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் காற்றடியுங்கள். மீனை விட்டதும் அது சாய்ந்து கிடக்கும், பயப்படாதீர்கள், அனேகமாக ஒரு நிமிடத்தில் நிமிரும். வலிப்பு வந்ததுபோல் துள்ளினால் உடனே எடுங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடம் விடுங்கள். தட்டைப்புழு இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தவை வெண்மையாகி, எள்ளளவில் கறுப்புத் தரையில் உதிரும். பேசின் கறுப்பாக இருக்க வேண்டிய காரணம் அதுதான். குளியல் உயிர் மீட்க அவகாசம் தரும், நோயை மாற்றாது.

மருந்து பிரசிகுவான்ரல், லீற்றருக்கு 2.5 மில்லிகிராம். 48 லீற்றருக்கு 120 மில்லிகிராம். மிருக வைத்தியக் கடையில் நாய்க்கு விற்கும் குளிசைகளில் வேறு பூச்சிமருந்தும் கலந்திருக்கும், அவை வேண்டாம். தனிப் பொடிதான் வேண்டும். அது நீரில் எளிதில் கரையாது, ஒரு தேக்கரண்டி எதனோலில் கரைத்து ஊற்றுங்கள். நீர் மங்கி ஒட்சிசன் குறையும், காற்றுப் பம்பை முழு வேகத்தில் விடுங்கள். முட்டையை இந்த மருந்து கொல்லாது, ஆகவே ஆறாம் நாள் மீண்டும் ஒருமுறை.

புரூக்லினெல்லாவுக்குச் செப்பு உதவாது. 4 லீற்றர் தொட்டி நீருக்கு 37 வீத ஃபோர்மலின் 1 மில்லிலீற்றர் வீதம் விட்டு 45 நிமிடக் குளியல், பலமான காற்றடியுடன், பிறகு சுத்தமான வேறு தொட்டி. போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்தப் போத்தல் மீனுக்கு நஞ்சு, பாவிக்காதீர்கள். ஃபோர்மலின் மனிதரிலும் புற்றுநோய் தரக்கூடியது. கையுறை போட்டு, திறந்த விறாந்தையில், பிள்ளைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

கரண்ட் நின்றால்

2022இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின் துண்டித்த காலம் நினைவிருக்கும். இப்போதும் மாரிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போவது புதிதல்ல. செவுள் பாதிக்கப்பட்ட மீன், 30 பாகை நீரில், காற்றடி இல்லாமல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். பற்றறிப் பம்பை மருந்துத் தொட்டியிலேயே பொருத்தி வையுங்கள், பிரதான தொட்டியில் அல்ல. முருகைகள் அந்த நேரத்தைத் தாங்கும்.

76 நாள்

முருகைத் தொட்டியில் ஒரு மீனைக்கூட விட்டுவைக்கக் கூடாது. கல்லுக்குள் ஒளிந்த சிறு கோபி மீனையும் பிடிக்க வேண்டும், கல்லை எடுக்க வேண்டி வந்தாலும் எடுங்கள். புள்ளி இல்லாத மீனும் நோயைச் சுமக்கும், ‘இதில் ஒன்றும் தெரியவில்லை’ என்று விட்டுவைத்த அந்த ஒன்றால் முழு உழைப்பும் வீணாகும். முருகை, இறால், நத்தை எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒளி, பம்பு வழமைபோல் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிது உணவு போடுங்கள், பற்றீரியா பட்டினி கிடக்கக் கூடாது. கடைசி மீன் வெளியேறிய நாளை நாட்காட்டியில் குறியுங்கள். இடையில் வாங்கும் நத்தையின் ஓட்டிலும் முருகைத் துண்டின் அடியிலும் கூடு ஒட்டி வரும். அப்படி எதையாவது உள்ளே விட்டால் 76ஐ அன்றிலிருந்து மீண்டும் எண்ணுங்கள்.

மீன் திரும்பிப் போகும்போது மருந்துத் தொட்டியின் நீர் கூடவே போகக் கூடாது. செப்பிருந்த தொட்டி, ஸ்பொஞ்ச், எல்போ மூன்றையும் இனி முருகைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்த நீரைக் கிணற்றடியிலோ வயல் வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம். வாய்க்கால் குளத்தில் முடியும், செப்பு குளத்து மீனையும் இறாலையும் கொல்லும். கரி போட்டு இரண்டு நாள் ஓடவிட்டு, செப்புச் சோதனை பூச்சியம் காட்டிய பிறகு, கிணற்றிலிருந்தும் தென்னையிலிருந்தும் தள்ளியுள்ள வெறுநிலத்தில் ஊற்றுங்கள்.